பழைய காரில் ஸ்டியரிங் ஆடுகிறதா? ரேக்கை மாற்றும் முன் மேலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்

"ஸ்டியரிங் லூஸா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், வண்டிக்குள் உட்கார்ந்துகூடப் பார்க்காமல் "ரேக் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்ற பதில் வருவது சகஜம். ரேக் என்பது வீல் சுற்றுவதை இடது வலது நகர்வாக்கி முன் டயர்களைத் திருப்பும் பல் வெட்டிய தண்டு. சில சமயம் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். ஆனால் நம் கையில் இருக்கும் வீலுக்கும் கீழே இருக்கும் ரேக்குக்கும் நடுவில் ஒரு நட்டு, ஒன்றிரண்டு புஷ், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பிராக்கெட், அதன் போல்ட்டுகள், ராடு கோணத்தில் வளைந்தும் சுழல விடும் கிராஸ் ஜாயிண்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் என்று ஒரு வரிசையே இருக்கிறது. இதில் எது தேய்ந்தாலும் ஓட்டுகிறவருக்கு "லூஸ்" என்றுதான் தெரியும். இதில் எல்லாமே ரேக்கை விட விலை குறைவு, பாதியை வீட்டு வாசலில் வைத்தே பார்த்துவிடலாம்.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது மாருதி 800, ஆம்னி, பழைய ஜென் மாதிரியான சின்ன கார்களை. 1983 டிசம்பரில் வந்த 800 மாடல் 2014 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்ததால் இன்னும் நிறையவே ஓடிக்கொண்டிருக்கிறது. பவர் ஸ்டியரிங்கும் ஏர்பேக்கும் இல்லாத அடிப்படை மாடல் என்றால் அமைப்பு ரொம்ப எளிது, கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வண்டி கிடையாது. பிரீமியர் பத்மினி மாதிரி ரேக்குக்குப் பதில் ஸ்டியரிங் பாக்ஸ் என்ற கியர் பெட்டி உள்ள வண்டிக்கும் மேல்பகுதி வரை இதேதான், கீழே எங்கே மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஏர்பேக் உள்ள வண்டியென்றால், கண்டுபிடிக்கும் வேலை வரை நீங்களே செய்யுங்கள். வீலைக் கழற்றும் வேலையை அது தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், வீலுக்குப் பின்னால் சுருண்டிருக்கும் ஒயர் ரிப்பனை எப்படி நேராக வைத்துக் கழற்ற வேண்டும் என்று அதற்கெனத் தனி முறைகள் இருக்கின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இதில் குழப்பிக்கொண்டால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண். ஆட்டம் என்பது இரண்டு வகை. ஒன்று, வீலைப் பிடித்து மேலே கீழே அல்லது நம் பக்கம் இழுத்தால் அது ஆடுவது. இன்னொன்று, வீலை இடது வலதாகச் சுற்றும்போது கொஞ்ச தூரம் சும்மா சுற்றி, அதற்கு அப்புறம்தான் டயர் திரும்புவது. இரண்டாவதைத்தான் மெக்கானிக்குகள் "பிளே" என்பார்கள். முதல் வகை பெரும்பாலும் டேஷ்போர்டு பகுதியிலேயே முடிந்துவிடும். இரண்டாவது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் வண்டிகளும் உண்டு, பழைய வண்டி அல்லவா.

அதற்கும் முன்னால் வீலில் போட்டிருக்கும் உறையைப் பாருங்கள். கடையில் வாங்கிய ரெக்ஸின் கவர் நாளாக நாளாகத் தளர்ந்து வீலின் மேலேயே வழுக்கும், வளைவில் திருப்பும்போது அது அப்படியே பிளே மாதிரி உணர்வைத் தரும். கவரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், சிலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அதேபோல் கம்பெனி வீலை எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் வீல் போட்டிருந்தால், வீலுக்கும் அதன் சுழற்சியைக் கீழே கொண்டுபோகும் ராடுக்கும் நடுவில் ஒரு அடாப்டர் இருக்கும், அதன் சின்ன ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு ஆட்டம் அதிகம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக்கூடாது என்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது, கணக்குப் போட்டால்தான் திக்கென்று இருக்கும். 37 செ.மீ. விட்டமுள்ள ஒரு வீலில் 30 டிகிரி என்றால் விளிம்பில் கிட்டத்தட்ட 10 செ.மீ. லாரியில் இருந்து பஸ் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிய எல்லை அது, சின்ன காரில் அவ்வளவு பிளே இருந்தால் ஹைவேயில் நேராகவே ஓட்ட முடியாது. சுசுகி சர்வீஸ் மேனுவல்களில் வீலின் விளிம்பில் 30 மி.மீ. வரைதான் சரி என்று போட்டிருப்பார்கள். பிரிட்டனின் வருடாந்திரச் சோதனையில் 38 செ.மீ. வரை உள்ள வீலுக்கு, ரேக் வண்டியென்றால் பொதுவாக 13 மி.மீ.தான், பாக்ஸ் வண்டிக்கு 75 மி.மீ. வரை விடுகிறார்கள். ஆக தகுதிச் சான்றுக்கான எப்.சி. சோதனையில் பாஸ் ஆகிவிட்டது என்பதை வைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம், ரேக் வண்டியில் 30 மி.மீ.க்கு மேல் போனால் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

அளப்பது எளிது. சமதளத்தில் டயர் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். வீலின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, டேஷ்போர்டின் மேல் ஒரு ஸ்கேலை அதற்கு நேராக வையுங்கள். ஒருவர் வெளியே முன் டயரையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் ஒரு விரலால் மெதுவாக ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போய், டயர் அசைகிற கணத்தில் அவர் குரல் கொடுக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பிளே. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியென்றால் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வில் இருக்கும் இயல்பான அசைவையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். சாவியைப் போட்டு ஸ்டியரிங் லாக்கை எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆட்டம் எங்கே என்று பிடிப்பது

முதல் வகையில் இருந்து தொடங்கலாம். வீலை உச்சியிலும் அடியிலும் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக ஆட்டுங்கள், அப்புறம் உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளுங்கள். கண் வீலில் இருக்க வேண்டாம், வீலுக்குப் பின்னால் இண்டிகேட்டர் சுவிட்சை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். வீலோடு சேர்ந்து அந்தக் கவரும் இண்டிகேட்டர் கம்பியும் ஒன்றாக ஆடினால், ஸ்டியரிங் குழாயே தளர்ந்திருக்கிறது, அதாவது டேஷ்போர்டுக்கு அடியில் அதைத் தாங்கும் பிராக்கெட் அல்லது போல்ட். கவர் அசையாமல் வீல் மட்டும் ஆடினால், குழாய்க்குள் ராடைத் தாங்கும் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது வீலின் நடு நட்டு தளர்ந்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் பிரித்துப் பார்க்க ஹாரன் பேடை எடுத்துவிட்டு நட்டையும் ராடின் நுனியையும் பார்த்துக்கொண்டே ஆட்டுங்கள். ராடு நகராமல் வீல் மட்டும் நகர்ந்தால் குறை நட்டில், அல்லது வீலும் ராடும் ஒன்றையொன்று பிடிக்கும் உள் பல்வரிசையில். அந்த நிலையில் வண்டியை ஓட்டக்கூடாது, பக்கத்துத் தெரு வரைகூட.

புஷ் ஏன் தேய்கிறது என்று கேட்டால், பாதிக் காரணம் நாம்தான். 800 மாதிரி தாழ்வான வண்டியில் இறங்கும்போது வீலைப் பிடித்து எக்கி எழுந்திருக்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருக்கும். வருடக்கணக்கில் முழு உடல் எடையும் அந்தச் சின்ன நைலான் வளையத்தின் மேல் ஒரே பக்கமாக இறங்கினால் அது என்ன ஆகும்? கழற்றிப் பார்த்தால் வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும்.

இரண்டாவது வகைக்கு, அதாவது பிளேக்கு, உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம், ஏனென்றால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் எதிர்விசை இருக்கும், தேய்மானம் வெளியே தெரியும். அவர் வீலை ஒரு சாண் அளவுக்குள் இடதும் வலதுமாகச் சட்சட்டென்று ஆட்டிக்கொண்டே இருக்க, நீங்கள் மேலிருந்து கீழாகப் போங்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தொடும்படி விரலை வையுங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும், கண்ணை விட விரல்தான் இதில் நம்பகம். அழுக்கு படிந்த ஜாயிண்ட் என்றால் துடைத்துவிட்டு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், ஆட்டும்போது கோடு உடைந்து உடைந்து சேர்ந்தால் அங்கேதான் பிளே.

பெடல்களுக்கு மேலே, கால் வைக்கும் இடத்தில்தான் முதல் கிராஸ் ஜாயிண்ட் தென்படும். அதில் இரண்டு விதமாகக் குறை இருக்கலாம். நடுவில் இருக்கும் கிராஸின் ஊசி பேரிங் தேய்ந்து அங்கே ஆடலாம், அல்லது கிராஸ் நன்றாக இருந்தும் அதை ராடோடு இறுக்கும் கிளாம்ப் போல்ட் தளர்ந்து பல்வரிசையில் ஆடலாம். இரண்டையும் தனித்தனியாக விரல் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் ஒன்றுக்குப் புது ஜாயிண்ட் வேண்டும், இன்னொன்று ஸ்பேனரால் முடிகிற வேலையாகக்கூட இருக்கலாம். பழைய சில வண்டிகளில் கிராஸுக்குப் பதில் ரப்பரும் துணியும் சேர்ந்த வட்டமான கப்ளிங் இருக்கும், அது வெடித்து நார் நாராகத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும் வண்டிகளில் இந்தக் கீழ் ஜாயிண்ட் சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடித்த கிராஸ் தளர்வதற்குப் பதில் ஒரு கோணத்தில் இறுகி, வீலைச் சுற்றும்போது ஒரு இடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் லேசாகவும் இருக்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற மாதிரியான வண்டியைப் பழையதாக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரேக்கின் நுழைவாயில். ரேக்கைத் தள்ளும் சின்னப் பல்சக்கரமான பினியனின் ராடு உள்ளே போகும் இடத்தில் அது பக்கவாட்டில் ஆடுகிறதா, ரேக் முழுவதுமே பாடியில் இருந்து நகர்கிறதா என்று பாருங்கள். ரேக்கைப் பாடியில் கட்டியிருக்கும் கிளாம்ப்களின் ரப்பர் புஷ் ஊறி நைந்துபோனால் ரேக்கே இடது வலதாக நகரும். டிரைவருக்கு அது அப்படியே பிளேயாகத்தான் தெரியும், ரேக்கில் ஒரு குறையும் இருக்காது. ரேக்கை மாற்றச் சொல்லும் இடங்களில் இந்த ரப்பரை யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். அதற்கும் வெளியே மடிப்பு ரப்பர் உறையான பெல்லோவுக்குள் இருக்கும் பந்து மூட்டான ரேக் எண்டு, கடைசியாக டயர்ப் பக்கம் இருக்கும் டை ராடு எண்டு. பெல்லோவின் மேலிருந்தே விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே பந்து தட்டுவது தெரியும்.

இதுவரை எதிலும் தெரியவில்லையென்றால் மட்டும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரை மூன்று மணி ஒன்பது மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள், அது டை ராடு பக்கம். பன்னிரண்டு ஆறு நிலையில் ஆடினால் வீல் பேரிங் அல்லது கீழே இருக்கும் பால் ஜாயிண்ட், அது வேறு கதை. வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

சரிசெய்வது: குழாயும் பிராக்கெட்டும்

இதுதான் எல்லாவற்றிலும் சுலபமானது, செய்கிற ஆளின் முதுகுக்கு மட்டும் கஷ்டம். பெடல் பக்கம் தலையை விட்டு மல்லாந்து படுத்து மேலே பார்த்து வேலை செய்ய வேண்டும். டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும், நான்கு போல்ட்தான், சோம்பல்படாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், ஹாரன் ஒயரும் இக்னிஷன் ஒயரும் அங்கேதான் தொங்குகின்றன.

டேஷ்போர்டின் கீழ் மூடியை எடுத்தால் குழாயை மேலே தாங்கும் பிராக்கெட்டும், கீழே பெடல் பக்கம் ஒரு தகடும் தெரியும். 12 நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் போதும். தளர்ந்த போல்ட்டை அப்படியே இறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள், கழற்றிப் பாருங்கள். மரை தேய்ந்திருக்கிறதா, பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா, போல்ட் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் விட்ட பிராக்கெட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும், கடைசியில் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் கழன்றுகொள்ளும். மறுபடி மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, குழாய் தானாக ஒரு நேர்கோட்டில் உட்கார்ந்தபின் மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததை இழுத்துப் பொருத்தினால் குழாய் கோணலாகி புஷ் சீக்கிரம் தேயும். மரையில் போல்ட் கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் மேல் பிராக்கெட்டின் போல்ட் நேரடியாகத் தகட்டில் உட்காராமல், பிளாஸ்டிக் வார்த்த ஒரு சின்ன உலோகத் துண்டின் வழியாகப் போகும். மோதலில் டிரைவரின் நெஞ்சு வீலில் இடிக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் அறுந்து குழாய் முன்னோக்கி நழுவிச் சுருங்குவதற்காக வைத்தது அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் மடங்கும் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது, 1968 தொடக்கத்தில் இருந்து அமெரிக்காவில் அதற்குச் சட்டமே வந்தது, அதற்கு முந்தைய கார்களில் ராடு நேராக நெஞ்சை நோக்கித்தான் வரும். அந்தத் துண்டு லூஸாக இருக்கிறதென்று வெல்டு வைப்பதோ, பெரிய வாஷர் போட்டு அசையாமல் கட்டுவதோ கூடவே கூடாது. ஆட்டம் போய்விடும்தான், அதோடு சேர்ந்து அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

சாய்வை மாற்றும் லீவர் உள்ள ஸ்டியரிங்கில், லீவரைப் பூட்டியபின்னும் மேலும் கீழும் ஆடினால் பெரும்பாலும் லீவரின் கிளாம்ப் நட்டு தளர்ந்திருக்கும். சில வண்டிகளில் அது இடது மரை, வழக்கமான திசையில் இறுக்குவதாக நினைத்து இன்னும் தளர்த்திவிடுவீர்கள், கொஞ்சம் திருகிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீலைக் கழற்றுவதும் புஷ்ஷும்

டயரை நேராக வையுங்கள். ஹாரன் பேடு சிலவற்றில் பிடித்து இழுத்தால் வரும், சிலவற்றில் வீலுக்குப் பின்னாலிருந்து ஸ்குரூ இருக்கும். நடு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் எடுத்துவிடாமல் நான்கைந்து மரை பிடித்திருக்கும்படி விட்டுவிடுங்கள். வீல் திடீரென்று விடுபடும்போது உங்கள் மூக்கைக் காப்பாற்றுவது அந்த நட்டுதான். ராடின் நுனியிலும் வீலிலும் சேர்த்து பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. பிறகு புல்லர் போட்டு இழுங்கள். புல்லர் இல்லாவிட்டால் வீலை இரண்டு கையாலும் மாறி மாறி அசைத்து இழுங்கள், பல வண்டிகளில் வந்துவிடும். ராடின் தலையில் சுத்தியலால் அடித்து வீலை எடுக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, தடுத்துவிடுங்கள். மடங்கும் வகை ராடின் உள்ளேயும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும், சுத்தியல் அடியால் அவை அறுந்தால் இல்லாத ஆட்டம் ஒன்று புதிதாக வந்து சேரும்.

இண்டிகேட்டர் கம்பி உள்ள காம்பினேஷன் சுவிட்சை எடுத்தபின் மேல் புஷ் தெரியும். புதியது கிடைத்தால் போட்டுவிடுங்கள், விஷயம் முடிந்தது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் பழைய மாடலுக்கும் கேட்டுப் பார்க்கலாம். தனியாக புஷ் கிடைக்காமல் முழு அசெம்பிளியாகத்தான் தருவேன் என்றால், புதுப்பேட்டையில் பழைய அசெம்பிளி தேடுவதை விட, தேய்ந்த புஷ்ஷையும் ராடையும் குழாயையும் லேத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய் நைலானில் ஒன்று கடைந்து வாங்குவது மேல் என்பேன், ஏனென்றால் பழைய அசெம்பிளியின் புஷ்ஷும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான். அளவை புஷ்ஷில் எடுக்க வேண்டாம், அது தேய்ந்தது. ராடின் தேயாத இடத்திலும் குழாயின் உள்விட்டத்திலும் வெர்னியரால் எடுக்கச் சொல்லுங்கள். ராடு கையால் தடையில்லாமல் சுழல வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது, அவ்வளவுதான். ஆயில் கேனை வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டைச் சுருட்டிச் செருகும் வைத்தியமும் நடைமுறையில் இருக்கிறது. ஊர் போய்ச் சேரும் வரை சரி, அதையே நிரந்தரமாக விட்டால் ஒருநாள் நழுவி சுவிட்சுக்குள் போய் மாட்டும்.

வீலைத் திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு பொருத்தி, நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கவருக்கும் வீலுக்கும் இடையில் உரசல் சத்தம் வந்தால் கவரின் ஸ்குரூக்களைத் தளர்த்தித் திரும்பப் பொருத்தினாலே போய்விடும்.

கிராஸ் ஜாயிண்ட்

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் இது கழன்றால் வீல் கையில் இருக்கும், டயர் தன் இஷ்டத்துக்குப் போகும். டயர் நேர், ஸ்டியரிங் லாக் போட்ட நிலை, அப்புறம் மேல் ராடு, ஜாயிண்ட், கீழ் பினியன் மூன்றுக்கும் சேர்த்துப் பெயிண்ட் கோடு. இந்தக் கோட்டைப் போடாமல் கழற்றினால் பின்னால் ஒரு மணி நேரம் வீணாகும்.

கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துவது மட்டும் போதாது, முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். ராடின் பல்வரிசையில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகும். போல்ட் தளர்ந்தாலும் ஜாயிண்ட் நழுவி வெளியே வராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. திரும்ப மாட்டும்போது ஜாயிண்ட் முழு ஆழத்துக்கு இறங்காமல் இருந்தால் போல்ட் பள்ளத்தில் உட்காராமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி இறுகியும் விடும், வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் போல்ட் கையாலேயே தடையில்லாமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். தட்டி இறக்க வேண்டியிருந்தால் ஜாயிண்ட் சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம்.

வெறும் கிளாம்ப் தளர்வு என்றாலும் பல்வரிசையைத் துடைத்து, பல் கூராகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் புது போல்ட் போட்டு இறுக்கினால் சரி. ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டாம், அந்த வண்டிக்கான போல்ட் அல்லது அதே தரக் குறி தலையில் பொறித்த போல்ட். இந்த அளவு கார்களில் இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர் பக்கத்தில் இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே இறுதி. கிராஸே தேய்ந்திருந்தால் புது ஜாயிண்ட்தான். கப்பின் ஓரத்தில் வெல்டு வைத்து ஆட்டத்தை நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் ஊசி பேரிங்கின் உறுதி போய்விடும், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய சாமான் கடையில் வாங்கிய கிராஸையும் நான் போட மாட்டேன், பிராக்கெட், கவர் எல்லாம் வாங்கலாம்.

எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியிலேயே இருக்கும் வண்டிகளில் இன்னொரு இடமும் உண்டு. மோட்டாருக்கும் கியருக்கும் நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு சின்ன ரப்பர் கப்ளர் சில மாடல்களில் இருக்கிறது, அது தூளாகிப்போனால் வீலை லேசாக ஆட்டும்போதே டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று கேட்கும். பொருள் விலை குறைவு, கழற்றும் வேலை பெரிது. இந்தச் சத்தத்துக்கும் முழு அசெம்பிளி மாற்ற எஸ்டிமேட் போடுவார்கள், முதலில் கப்ளரைக் கேளுங்கள்.

ரேக், பாக்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்

இதைக் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். பினியனுக்கு எதிரே ரேக்கை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங்கும், அதன் மேல் அட்ஜஸ்ட் செய்யும் ஸ்குரூவும் லாக் நட்டும் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்குரூவை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு இறுக்குங்கள், லாக் நட்டைப் போட்டுவிட்டு வீலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை சுற்றிப் பாருங்கள். ரேக் எப்போதும் நடுவில்தான் அதிகம் தேயும், நாம் நேராகத்தானே அதிகம் ஓட்டுகிறோம். நடுவில் பிளே போகும் வரை இறுக்கினால் இரண்டு கோடியிலும் கனமாகிவிடும், வளைவில் திருப்பியபின் வீல் தானாக நேராகாது. அது பிளேயை விட ஆபத்து. கோடியில் கனம் தெரிய ஆரம்பித்த உடனே திருப்பித் தளர்த்துங்கள், அதற்கு மேலும் நடுவில் ஆட்டம் இருந்தால் ரேக்கின் காலம் முடிந்துவிட்டது, அந்த மெக்கானிக் சொன்னது சரி.

பத்மினி மாதிரி பாக்ஸ் வண்டியிலும் பாக்ஸின் மேல் மூடியில் இதேபோல் ஸ்குரூவும் லாக் நட்டும் இருக்கும். அதை அட்ஜஸ்ட் செய்யும்போது டயர் நேராக இருக்கும் நிலையில்தான் செய்ய வேண்டும், நடுவில்தான் அந்த அமைப்பு மிக நெருக்கமாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். கோடியில் வைத்து இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள், வறண்ட பாக்ஸை அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. அப்புறம், அந்த வண்டிகளில் பாக்ஸுக்கும் டயருக்கும் இடையில் ஐட்லர், ராடுகள், பால் ஜாயிண்டுகள் என்று நிறைய இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு இம்மி ஆட்டம் இருந்தாலே வீலில் பெரிதாகத் தெரியும், பாக்ஸை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் நின்ற இடத்திலேயே இரண்டு கோடிக்கும் சுற்றி, எங்கும் உரசாமல் வருகிறதா, ஒயர் எதுவும் ராடில் சுற்றவில்லையா, ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள், வீலைத் தளர்வாக விட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். டேப்பும் ஸ்கேலும் வைத்துப் பிளேயை மறுபடி அளந்து முன்பு எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

ஜாயிண்டை மாற்றியபின் வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நின்றால், பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள். அதை அலைன்மென்ட் கடையில் டை ராடை அட்ஜஸ்ட் செய்து நேராக்கிவிடலாம் என்று சொல்வார்கள், வேண்டாம். அப்படிச் செய்தால் ரேக்கின் நடு ஓர் இடத்திலும் வீலின் நடு இன்னோர் இடத்திலும் இருக்கும், ஒரு பக்கம் திரும்பும் வட்டம் பெரிதாகும். ஜாயிண்டையே கழற்றி அந்த ஒரு பல்லைத் திருத்துங்கள். டை ராடு எண்டோ ரேக் எண்டோ மாற்றியிருந்தால்தான் அலைன்மென்ட் தேவை, மேலே புஷ்ஷும் பிராக்கெட்டும் மட்டும் பார்த்திருந்தால் அந்தச் செலவும் வேண்டாம். ஒரு வாரம் ஓட்டியபின் கிளாம்ப் போல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துச் சோதித்துவிடுங்கள். சீட்டைக் கழற்றியிருந்தால் அதன் நான்கு போல்ட்டையும் சேர்த்து.